முள் என்று பதிவான காயம்

இதில் யாருக்கும் பெயர் இல்லை. அவர்கள் ஊருக்கும் இல்லை. அது மட்டும் போதாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். அதனால் மாட்டின் நிறம், கொம்பு, சுழி எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாராவது படித்துவிட்டு, இது இன்னார் வீட்டு மாடு என்று கிளம்பினால், அது அந்த மாடு இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நான் கால்நடை ஆய்வாளர். திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையைத் தாண்டிப் பிரிகிற மண்சாலை ஒன்றில் எங்கள் கிளை நிலையம். ஓர் அறை, ஒரு மேசை, ஊசிமருந்து வைக்க ஐஸ் பெட்டி, வாசலில் மாட்டை நிறுத்திக் கட்டும் இரும்புச் சட்டம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் ஊசி, சினை பார்ப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, மாட்டு இன்சூரன்ஸ் பாரம் எழுதுவது எல்லாம் நான்தான்.

அந்த இன்சூரன்ஸ் பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். செத்தது இன்ஷூர் செய்த மாடுதானா, பக்கத்து வீட்டு மாடா என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அதில் அடையாளம் கேட்பார்கள். நிறம், நெற்றி, கொம்பு, வால் குச்சம், சுழி, சூட்டுத் தழும்பு. இதே வரிசையில் எத்தனை மாட்டுக்கு எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. சந்தையில் ஒரு மாட்டைப் பார்த்தாலும் கை தானாக அந்த வரிசையில் எழுதத் துடிக்கும். மனிதர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், மாடு மறக்காது. இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். பாதை முழுக்க கூட்டம் விட்டுப்போன பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும். அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்துவந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார். அங்கே தங்குகிறவர்கள் தெருநாய்க்குச் சோறு போட்டுக் கடிவாங்கி, அந்த நாய்க்கு ஊசி போட முடியுமா என்று கேட்டு வருவதுண்டு. அப்படி ஒருவர் என்றுதான் நினைத்தேன். சென்னையில் உளவியலில் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, எங்கள் துறை மேலதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினார். சரி, உட்காருங்கள் என்றேன்.

"மனுஷங்க மிருகங்ககிட்ட பாலியல் ரீதியா நடந்துக்கிறதைப் பத்தித்தான் சார் என் ஆராய்ச்சி. அந்த மாதிரி காயத்தோட மாடு, ஆடு ஏதாவது உங்ககிட்ட வந்திருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண் பிள்ளை, பட்டப்பகலில், சினை ஊசி எத்தனை போட்டீர்கள் என்று கேட்கிற குரலில் இதைக் கேட்கிறார். காது வரைக்கும் சூடேறியது. வெளியே யாராவது நிற்கிறார்களா என்று முதலில் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல் இருக்கும், ஆனால் அன்று அது வர நேரமாயிற்று.

"நம்ம பக்கம் அந்த அசிங்கமெல்லாம் கிடையாதுங்க மேடம். சாமி ஊரு இது."

"எல்லா ஊர்லயும் இதான் சார் சொல்றாங்க" என்றார். "நோயாளிப் பதிவேட்டைப் பார்க்கலாமா?"

கடிதத்தில் அதற்கும் அனுமதி இருந்தது. எடுத்துப் போட்டேன். போட்டது சத்தமாகத்தான் விழுந்தது. அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். உரிமையாளர் பெயர், ஊர், கால்நடை, காயம் உள்ள இடம், காரணம், சிகிச்சை என்று கட்டங்கள். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காரணம் முள் குத்துனு போட்டிருக்கீங்க. காயம் இருக்கிற இடத்தையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. இந்த இடத்துல எப்படி சார் முள் குத்தும்?"

இந்தத் தடவை அதிர்ச்சி அந்த அம்மா கேட்டதால் வந்தது இல்லை. இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியது என் கை. யாரும் கேட்காததால் நானே அதை முள்ளென்று நம்பத் தொடங்கியிருந்தேன். சாமி ஊரு என்று சற்று முன் சொன்னதும் இதே வாய்தான். தெரியவில்லை மேடம் என்று முனகினேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார், இன்னும் இரண்டு முள் கிடைத்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் காபியைத் தொடவில்லை. அதில் பால் இருந்தது. மாட்டுக்கு என்ன பாவம், அதன் பாலுக்கு என்ன பாவம், அறிவுக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. வெயிலா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த முதல் முள்ளின் கதை இதுதான். ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபின் தனியாக ஒரு காணி நிலத்தில் வேர்க்கடலை போட்டு, இந்த ஒரு மாட்டை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். நல்ல மாடு. தீபத்து மாட்டுச் சந்தையில் வாங்கியது, நான்தான் அதற்கு இன்சூரன்ஸ் எழுதியிருந்தேன். இரும்புச் சட்டத்தில் கட்டும்போது எப்போதும் ஆடாமல் நிற்கும். அன்று நான் பின்னால் போனதும் துள்ளித் துடித்தது. காயத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எப்படிய்யா ஆச்சு?"

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். கேட்ட கணத்தில் ஓர் அறை விட்டேன். கை வலித்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை அவர் தடுக்கவே இல்லை, அதனாலேயே நின்றுவிட்டது. பர்மாங்கனேட் தண்ணீரில் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். நான் தொட்டபோதெல்லாம் அந்த மாடு நடுங்கியது. அதற்கு நானும் ஒரு மனுஷன்தானே.

"இந்த மாட்டை வித்துடு. இனிமே உன் வீட்ல எந்த மாடும் கட்டக்கூடாது. ஆடும் கூடாது. கட்டினேன்னு தெரிஞ்சுது, நேரா போலீசுதான்."

"கட்டலை சார்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காயம் ஆறியதும் அந்தக் கார்த்திகைச் சந்தையிலேயே விற்றார். கொட்டகையில் முளைக்குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று பின்னால் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். நான் என் பங்குக்கு, காரணம் என்ற கட்டத்தில் முள் என்று எழுதிவிட்டேன். அந்த ஆளைக் காப்பாற்றினேனா, அந்த வார்த்தையை எழுத வேண்டிய அசிங்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா, அன்று யோசிக்கவில்லை.

ஆராய்ச்சி அம்மா விடவில்லை. தினமும் வந்தார். பொறுமையாகப் பேசினார். பாலியல் பிறழ்வு என்று ஒரு சொல்லை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் இதை வகை பிரித்து எழுதியிருக்கிறார்களாம். தனிமையால் வழி தவறுகிறவர்கள், மனமே அந்தப் பக்கம் திரும்பியவர்கள், வலிக்க வைப்பதற்காகவே செய்கிறவர்கள். வலிக்க வைக்கிறவன் நாளைக்கு வீட்டில் இருக்கிற பெண்ணிடமும் குழந்தையிடமும் கையை ஓங்க மாட்டான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். நம் ஊரில் இதைப் பற்றித் திட்டுவதற்கு வார்த்தை இருக்கிறது, படிக்க ஒரு பக்கம் இல்லை என்றார். சட்டத்தில் இது குற்றம்தான், ஆனால் மாட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் எங்கேயும் குறித்து வைப்பதில்லை.

"அதால வேணாம்னு சொல்ல முடியாது சார். நாமளும் முள்ளுனு எழுதிட்டா, அதுக்காக யாருதான் பேசறது?"

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கூசியது. பார்த்தவர்கள் சொன்னது, கேள்விப்பட்டது என்று அவரிடம் நிறையக் காகிதம் இருந்தது. தன் வாயால் சொன்ன ஓர் ஆள்கூட இல்லை. அந்த ஓர் ஆளை எனக்குத் தெரியும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அந்த மனிதரை நிலத்தில் போய்ப் பார்த்தேன். முதலில் பேயறைந்த மாதிரி நின்றார். உன் பேரு எங்கயும் வராது, ஊரு வராது, இது என் பொறுப்பு என்றேன். சத்தியம் பண்ணு என்றுகூட அவர் கேட்கவில்லை, நானாகத்தான் மலையைப் பார்த்துக் கையை நீட்டினேன். வெகுநேரம் களைக்கொட்டால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"சரி சார். ஒருத்தர்கிட்டயாச்சும் முழுசா சொல்லிடணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அம்மா எடுத்து வைத்த டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். அதனால் அம்மா கேட்க, அவர் சொல்ல, நான் எழுதுவது என்று முடிவாயிற்று. அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. தனிமையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். பண்ணியது பாவம், அது நம்பி நின்னுச்சு சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, பேனா வழுக்கியது. அம்மாவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஆனால் அந்த மனிதர் போன பிறகு அம்மா குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். வேலூரில் ஒரு மனநல டாக்டரின் முகவரியை அந்த மனிதரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நான் எழுதிய தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயதைக்கூட சரியாகப் போடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை. தலைப்பில் ஏதாவது எழுத வேண்டுமே என்று, பழக்க தோஷத்தில், செவலை, நெற்றியில் சுட்டி, இடது கொம்பு முனை முறிந்தது, வால் குச்சம் வெள்ளை, முதுகில் ஒரு சுழி, வலது தொடையில் பிறைச் சூடு என்று எழுதினேன். பட்டணத்து அம்மா அதைப் படித்துவிட்டு, எவ்வளவு துல்லியமாகக் கவனிச்சிருக்கீங்க சார் என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு கூட்டத்துக்கு எங்களை வரச் சொன்னார்கள். கால்நடைத் துறை ஆட்களும் பால் சொசைட்டிக்காரர்களும் ஒரு ஐம்பது பேர் இருப்போம். மாட்டுக் காயங்களை எப்படிக் கவனித்துப் பதிவு செய்வது என்று பொதுவாகத் தலைப்புப் போட்டிருந்தார்கள். பேச வந்தது அந்த அம்மா. விஷயம் என்னவென்று புரிந்ததும் கூடமே விறைத்துப்போயிற்று. பின்வரிசையில் ஒருவர் கிளுக்கென்று சிரித்தார், முன்வரிசை அதிகாரி தொண்டையைச் செருமினார். அம்மா அசராமல் பேசிக்கொண்டே தமிழில் ஜெராக்ஸ் எடுத்த நான்கு பக்கத்தை விநியோகம் செய்தார்.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். செவலை, நெற்றியில் சுட்டி, இடது கொம்பு முனை முறிந்தது. என் வாக்கியம், என் வரிசை, அச்சில். ஆளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மாடு மட்டும் தலை முதல் வால் வரைக்கும் நின்றது. என் பக்கத்து நாற்காலியில் அந்த மனிதரின் ஊர் சொசைட்டி செக்ரட்டரி உட்கார்ந்திருந்தார். அவர் விரல் வரிவரியாக ஊர்ந்து பிறைச் சூட்டில் நின்றது.

"இன்னா சார் இது, எங்க ஊரு மாடாச்சே. தீபத்து சந்தையில வித்தானே அவன்? அதுக்கப்புறம் மாடே வாங்கலை..." சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் அகலமாயிற்று. "அடப்பாவி. அதான் விஷயமா?"

அவர் பக்கத்து ஆளின் தோளைத் தட்டத் திரும்பினார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் பெயர் வெளியே வந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்த மூணாம் பக்கத்துல இருக்கிறது பொய்ங்க. நான் கட்டி எழுதினது."

கூடம் மொத்தமும் திரும்பியது. அதிகாரி, "என்னய்யா சொல்றே?" என்றார்.

"மேடம் கேஸ் கேட்டு தினம் வந்தாங்க. எனக்கு யாரும் கிடைக்கலை. நானா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன். எப்பவோ இன்சூரன்சுக்கு எழுதின மாடு ஞாபகத்துல இருந்துச்சு, அந்த அடையாளத்தைப் போட்டுட்டேன். மாட்டுக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, ஆனாலும் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய ஆராய்ச்சியே அந்த ஒருவரின் வாக்குமூலத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும், அவர் எதிரில்தானே எல்லாம் நடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் பிழைக்கும். கையிலிருந்த தாளைப் பார்த்தார், செக்ரட்டரியின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"நான் சரிபார்க்காதது என் தப்பு. அந்தப் பகுதியை எடுத்துடறேன்" என்றார். வரிசை வரிசையாக வந்து அவரே தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்னிடம் வந்தபோது தாளை நான் உடனே விடவில்லை. ஒரு கணம் இரண்டு கையும் அந்தத் தாளில் இருந்தன.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "பேரை எடுத்துட்டா போதும்னு நினைச்சேன் சார், நானும்தான்" என்றார். ஆட்டோவில் ஏறிவிட்டார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, ஊதிய உயர்வு நின்றது. சொசைட்டிகளில் எனக்குக் கதை எழுதுற சார் என்று பெயர் வைத்தார்கள். செக்ரட்டரி முழுசாக நம்பினாரோ இல்லையோ, பெயரைச் சொல்லிக்கொண்டு திரிய அவருக்கு ஒரு பிடி இல்லாமல் போயிற்று. பட்ட அவமானத்துக்கு இது போதும், வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளூர ஒரு திருப்தி இருந்தது.

நாலு நாள் கழித்து அந்த மனிதரே வந்தார். மாடு இல்லாமல் எங்கள் நிலையத்துக்கு யாரும் வருவதில்லை. கும்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வேண்டாம்ப்பா என்று சொல்லவும் தயாராக இருந்தேன்.

"மீட்டிங்ல எல்லாம் பொய்னு சொல்லிட்டீங்களாமே சார்?"

"வேற வழியில்லப்பா. உன் பேரு வந்துடும்."

"வந்திருக்கும். நான் செத்திருப்பேன். அது தெரியுது." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் யார்கிட்டயும் சொல்லாததை அன்னிக்குச் சொன்னேன். இப்ப வேலூர் டாக்டர்கிட்ட போறேன், அவர்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். நான் பண்ணலைன்னு ஆயிடுச்சுன்னா எனக்கு நல்லதுதான். ஆனா அதுக்கு நடந்துச்சே சார். அந்த வாயில்லாத ஜீவனுக்கு நடந்தது நெசந்தானே?"

அன்றைக்குக் கூட்டத்தில் நானும் அம்மாவும் அதிகாரியும் யாரைப் பற்றியெல்லாமோ கவலைப்பட்டோம். இரும்புச் சட்டத்தில் நின்று நடுங்கிய அந்த மாட்டைப் பற்றிக் கேட்க, அதைக் கெடுத்த இந்த ஆள்தான் வர வேண்டியிருந்தது. இவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

"அன்னிக்கு உங்க நோட்டுல இன்னா எழுதினீங்க?"

"முள்ளுனு."

"என் பேரு அதுல இருக்குதா?"

"இருக்குது."

"அடிச்சிட்டு நெசத்தை எழுதிடுங்க சார். பேரு இருந்தா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முள் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன். அதன் பக்கத்தில் எழுதப் பேனாவை வைத்தபோது, அதே வரிசையில் முதல் கட்டத்தில் அவருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு, என் கையெழுத்தில் இருந்தது. மத்தியானம் ஆட்டுக்கு மருந்து கேட்டு ஒருவர் வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வுபெறும்போது அந்தப் பதிவேட்டை மற்றவற்றோடு கட்டி ஒப்படைத்தேன். முள் என்ற சொல்லின் மேல் அந்தக் கோடு இருக்கும். பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.